டயர் வெடித்த பின் வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள்

புக்கிட் பெருவாங்கிலிருந்து ஆயர் குரோ வழியாக நெடுஞ்சாலை ஏறி, பசார் மாலாமுக்கு டிரெய்லர் இழுத்துப் போகிறவர்கள் கவனத்துக்கு. டயர் வெடித்தால் புதுசு மாட்டியதோடு வேலை முடியாது. கிழிந்த ரப்பர் சாட்டை மாதிரி சுழன்று அடித்திருக்கும்.

வண்டியை அவசரப் பாதையில் ஓரங்கட்டி, ஆட்கள் இரும்புத் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு, பிளஸ் நெடுஞ்சாலை உதவி எண் 1800-88-0000-ஐ அழையுங்கள். அங்கேயே அடியில் நுழைவது உயிரோடு விளையாட்டு. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பதும் அப்படித்தான்; பட்டறையில் தாங்கி வைத்த பிறகே உள்ளே போங்கள்.

காப்புறுதி கேட்பதாக இருந்தால், எதையும் பிரிக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

முதலில் பிரேக் குழாய். கீறல் இருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றுங்கள். விளக்கு வயர் அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றுவது நம்மூர் வழக்கம். நாலு மழைக்குப் பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். சாப்பாட்டு டிரெய்லராக இருந்தால், கேஸ் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

கிழிந்த தகட்டின் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அலுமினியத் துண்டை ரிவெட் வைத்து, ஓரங்களில் சீலண்ட் பூசுங்கள். அச்சு வளைந்திருந்தால் புது டயரும் ஒருபக்கமாகவே தேயும்.

மற்ற டயர்களின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், 2019-ன் 23-ஆம் வாரத்தில் செய்தது. பூ தேயாவிட்டாலும் ரப்பர் கிழடுதான்.