பணிப்பட்டியலைப் பகுத்துக் காணும் முறை

கல்லூரியிற் பயில்வோருக்குப் பொறுப்பு ஒன்றன்று. தேர்வுக்குப் படித்தல் வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதுதல் வேண்டும். ஆண்டிதழுக்கு விஷயதானம் திரட்டுதலும் வேண்டும். இவை அனைத்தையும் ஒரே பட்டியலில் எழுதினால் அது நீண்டு மலைப்பைத் தருகின்றது. பொறுப்புக்கு ஒன்றாகப் பிரித்து எழுதினாலோ, ஒன்றை நோக்குங்கால் மற்றவை மறந்துபோகின்றன. பட்டியல் ஒன்றாகவும் அதனைக் காணும் வகை பலவாகவும் அமைப்பின் இவ்விரு குறைகளும் நீங்கும். அங்ஙனம் அமைக்கும் வழியொன்றை ஈண்டு ஆராய்வோம்.

அதற்கு நாம் எடுத்துக்கொண்ட கருவி ஈமாக்ஸ் என்னும் எடிட்டர். இது 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோரால் தோற்றுவிக்கப்பட்டது. இன்று வழங்கும் குனூ ஈமாக்ஸ் 1985-இல் வெளிவந்தது. இதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியின் ஒரு வகையால் இயன்றமையின், பயன்படுத்துவோர் தம் தேவைக்கேற்ப இதனை மாற்றிக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து வானியல் அறிஞர் கார்ஸ்டன் டொமினிக், தம் குறிப்புகளையும் பணிகளையும் ஒழுங்குபடுத்த 2003-இல் இதனுள் ஆர்க் மோட் என்னும் பகுதியை அமைத்தார். அது 2007 முதல் ஈமாக்ஸுடனேயே வழங்கப்பெறுகின்றது.

முதலாவது, பட்டியலை எழுதும் முறை. கோப்பின் தலைப்பில் எண்குறி, கூட்டற்குறி, டூடூ என்னும் ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி ஆகியவற்றை இடைவெளியின்றி இட்டு, பின்னர் 'செய்க | முடிந்தது' என எழுதுக. நடுவிலுள்ள கோட்டிற்கு இடப்புறத்தது முடியாத பணியையும், வலப்புறத்தது முடிந்த பணியையும் குறிக்கும். அவ்வரியில் நின்று கண்ட்ரோல்-சி விசையை இருமுறை அழுத்தினால் இக்குறிப்பு நடைமுறைக்கு வரும். அதன்கீழ்ப் பணிகளைப் பின்வருமாறு எழுதலாம்:

* செய்க நேர்காணற் குறிப்புகளைப் படியெடுத்தல் :ஆய்வு:
* செய்க கட்டுரைகளை அச்சகத்துக்கு அனுப்புதல் :இதழ்:
* செய்க பழைய வினாத்தாள்களைத் திரட்டுதல் :தேர்வு:

ஈற்றில் முக்காற்புள்ளிகளுக்கு இடையே நிற்பது பொறுப்பின் பெயர்; அதனை அடைமொழி என்போம். அடைமொழியினுள் இடைவெளியும் சிறுகோடும் வரலாகா. தலைப்பொன்றுக்கு இட்ட அடைமொழி அதன் உட்டலைப்புகளையும் சாரும். ஆதலின் ஒவ்வொன்றுக்கும் திரும்ப எழுதவேண்டுவதில்லை.

இரண்டாவது, பகுத்துக் காண்டல். கண்ட்ரோல்-சி அழுத்தி, இடப்புறச் சதுர அடைப்பை அழுத்தினால், நம் கோப்பு அஜெண்டாக் கோப்புகளின் வரிசையிற் சேரும். இதனைச் செய்யாது விடுத்தோர் வெற்றுப் பக்கத்தையே காண்பர். பின்னர் ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ஆர்க்-அஜெண்டா என்னும் கட்டளையை எழுதி, பெரிய எம் எழுத்தை அழுத்தி, ஆய்வு என்று விடை தருக. ஆய்வுக்குரிய முடியாத பணிகள் மாத்திரம் தோன்றும். இது பட்டியலின் பிரதி அன்று. ஆண்டு டி எழுத்தை அழுத்தி ஒரு பணியை முடிந்ததாக மாற்றின், மூலக் கோப்பிலும் அது மாறிவிடும்.

மூன்றாவது, இக்காட்சியை நிலைபெறச் செய்தல். நாடோறும் அடைமொழியை எழுதிக்கொண்டிருத்தல் வீண் உழைப்பு. ஆர்க்-அஜெண்டா-கஸ்டம்-கமாண்ட்ஸ் என்னும் அமைப்பில் ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு உறுப்புக்களைக் குறித்தல் வேண்டும்: அழுத்தவேண்டிய எழுத்து, காட்சியின் பெயர், டேக்ஸ்-டூடூ என்னும் வகை, நாம் வேண்டும் அடைமொழி. லிஸ்ப் அறியாதார் கஸ்டமைஸ்-வேரியபிள் என்னும் கட்டளையால் திறக்கும் படிவத்தில் இவற்றை நிரப்பலாம். அதன்பின் ஓரெழுத்தே ஒரு பொறுப்பு முழுவதையும் கண்முன் நிறுத்தும்.

இனி, இம்முறையில் நேரும் அபாயம் ஒன்றுண்டு. பகுத்துக் காட்டும் கருவி மறைக்கவும் செய்கின்றது. ஒரு மாணவர் 'உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல்' என எழுதி அடைமொழி இடாது விட்டாரென்க. அப்பணி ஆய்வுக் காட்சியிலும் வாராது. இதழ், தேர்வு என்பவற்றிலும் வாராது. அவர் மூன்றையும் நாடோறும் கண்டு, எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றன என்று எண்ணியிருப்பார். விண்ணப்பத்தின் கடைசி நாளோ கழிந்துபோகும். முன்னிருந்த நீண்ட பட்டியல் மலைப்பைத் தந்ததெனினும், இப்பணியை மறைத்திராது.

ஆதலின் நான்காவது காட்சியொன்றும் இன்றியமையாதது. அதன் அடைமொழியிடத்தில் -ஆய்வு-இதழ்-தேர்வு என எழுதுக. கழித்தற்குறி 'இஃதல்லாதது' எனப் பொருள்படும். மூன்றனுள் ஒன்றிலும் சேராத பணிகள் யாவும் இங்கே வந்து நிற்கும். எழுத்துப் பிழையோடு அடைமொழி இட்டவையும் அகப்படும். புதிய பொறுப்பொன்று தோன்றி, அதன் பெயரை இவ்வரிசையிற் சேர்க்க மறந்தாலும் கேடில்லை. அதன் பணிகள் இக்காட்சியில் மிகுந்து தோன்றுமேயன்றி மறையா.

மாணவ நண்பர்காள், இம்முறையைக் கைக்கொள்ள விரும்புவோர் முதலில் இரண்டு அடைமொழிகளோடு தொடங்குக. தேவை மிகுங்கால் பெருக்குக. மற்றைக் காட்சிகளை வேண்டும்போது காணலாம். நான்காவது காட்சியை மாத்திரம் வாரந்தோறும் ஒருமுறை தவறாது கண்டு, அங்கே நிற்கும் பணிகளுக்கு உரிய அடைமொழியை இட்டுவைப்பீர்களாக.