எதிர்முழக்க அறையில் ஒழுங்கைக் கலைப்பது எப்படி?

மின்னணுக் கருவிகள் மின்காந்த இடையூறைத் தாங்குமா என்று பார்க்க உதவுவது ரிவர்பரேஷன் சேம்பர் எனப்படும் எதிர்முழக்க அறை. உலோகச் சுவர்களுக்குள் ஸ்டிரர் என்ற உலோகத் துடுப்பு சுழன்று அலைகளைக் கலக்கும். ஒரு முழுச் சுற்றில் பார்த்தால், கருவியை எங்கே வைத்தாலும் அதன்மீது விழும் புலம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். உயர் அதிர்வெண்ணில் இது எளிது. தாழ் அதிர்வெண்ணில் செவ்வக அறை முரண்டு பிடிக்கும். அதற்கு மருந்து, அறையின் வடிவத்திலேயே கேயாஸை, அதாவது ஒழுங்கின்மையை, புகுத்துவது.

1. கணக்கைப் போடுங்கள். 3 × 2.5 × 2 மீட்டர் அறையின் முதல் ஒத்ததிர்வு சுமார் 78 மெகாஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கான 234 மெகாஹெர்ட்ஸை அறையின் பயன்பாட்டுக் கீழ் எல்லையாகக் கொள்வது வழக்கம். ஒத்ததிர்வுகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் வைல் சூத்திரப்படி அதுவரை ஏறத்தாழ 60 ஒத்ததிர்வுகள்தான். இத்தனை குறைவு என்பதால் ஒவ்வொன்றின் வடிவமும் முக்கியம்.

2. இணைச் சுவர்களைக் கலையுங்கள். கேரம் பலகையில் நேராக அடித்த ஸ்டிரைக்கர்போல, சில அலைகள் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மட்டும் போய்வரும். ஸ்டிரர் அவற்றைத் தொடுவதே அரிது. அப்படிப்பட்ட பலகையில் வட்டத் தடை ஒன்று இருந்தாலே அதில் மோதித் திரியும் பந்தின் பாதை கேயாஸாகும் என்று 1970இல் யாகோவ் சினாய் நிறுவினார். அதே வேலையைச் செய்ய, சுவரில் உலோகக் கோளத் தொப்பிகளைப் பொருத்துங்கள். புடைப்பு அறைக்குள் நோக்கி இருக்கட்டும். குழிவாக இருந்தால் அலைகள் ஓரிடத்தில் குவியும்.

3. இடமும் அளவும். ஒவ்வோர் இணைச்சுவர் ஜோடியிலும் ஒரு தொப்பி போதும். சுவரின் நட்டநடுவில் வைத்தால் சமச்சீர் அப்படியே இருக்கும், ஒதுக்கி வையுங்கள். 234 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.28 மீட்டர். தொப்பியின் விட்டமும் அதை நெருங்க வேண்டும். சிறு குமிழை அலை கண்டுகொள்ளாது. விளிம்பு முழுக்கச் சுவரோடு மின்தொடர்பில் இருக்கட்டும். தொப்பி ஒத்ததிர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டாது, வடிவத்தைத்தான் மாற்றும். சோதனை இடத்தையும் கொஞ்சம் விழுங்கும்.

4. கேயாஸ் வந்ததா என்று பாருங்கள். ஸ்டிரரைப் பல கோணங்களில் நிறுத்தி, நெட்வொர்க் அனலைசரில் அடுத்தடுத்த ஒத்ததிர்வுகளின் இடைவெளிகளை அளந்து சராசரியால் வகுங்கள். மிகச் சிறிய இடைவெளிகள் குவிந்திருந்தால் பழைய ஒழுங்கு போகவில்லை. அவை அரிதாகி, கேயாஸ் அறைக்கு எதிர்பார்க்கப்படும் இடைவெளிப் பரவலான விக்னர் வளைவோடு பொருந்தினால் வெற்றி. உச்சிகள் தனித்தனியே தெரியும் தாழ் அதிர்வெண்ணிலேயே இதைச் செய்யுங்கள்.

5. புலச் சீர்மையை அளவிடுங்கள். ஐஇசி 61000-4-21 தரநிலைப்படி, சோதனை இடத்தின் 8 மூலைகளிலும் ஒரு சுற்றின் உச்சப் புலத்தை எடுங்கள். அவற்றின் திட்டவிலக்கம் 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 3 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே சற்றுத் தளர்வு உண்டு. தொப்பிக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிடுங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் பெரிய ஸ்டிரர் வாங்க ஓடாதீர்கள். முதலில் தொப்பியின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.