செவியாற் பியானோ கற்றல்

ஏடு நோக்கிக் கற்றலும், பிறர்வாய்க் கேட்டுக் கற்றலும் எனக் கல்வி இருதிறப்படும். திருவள்ளுவனார் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்து, 42-ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தனர். நூலோதும் வாய்ப்பில்லாதானும் கேள்வியால் அறிவுபெறலாம் என்பது அவ்வைப்பு முறையாற் புலனாகின்றது. இவ்வுண்மை பிற கலைகளினும் இசைக்கலைக்கே மிகப் பொருந்துவதாம். நம் நாட்டு ஓதுவார்களும் நாகசுரக் கலைஞர்களும் ஆசிரியர் பாடக் கேட்டுப் பாடியும், வாசிக்கக் கேட்டு வாசித்துமே தம் கலையை வழிவழியாகக் காத்துவந்தனர். மேனாட்டுக் கருவியாகிய பியானோவோ, தாளில் எழுதிய சுரக்குறியைக் கண்ணாற் கண்டு வாசித்தற்கே உரியதென்று பலர் கருதுவர். அதனையும் செவிவழியே கற்கலாகும் என்பதும், இக்காலத்து இணையவழிப் பாடங்கள் அதற்கு எவ்வாறு துணைபுரிகின்றன, எவ்விடத்தில் இடர்செய்கின்றன என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குவோம். 1700-ஆம் ஆண்டை ஒட்டி, இத்தாலிய நாட்டுப் பிளாரன்ஸ் நகரிலே பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்பார் இதனை அமைத்தனர். அவர் 1720-இல் செய்த பியானோ ஒன்று இன்றும் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் கலைக்காட்சிச் சாலையில் உள்ளது. இதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டு என்னும் கருவி நரம்பைச் சுண்டி ஒலிப்பது. விரலை மெல்ல வைப்பினும் வலிய வைப்பினும் அதன் ஒலி பெரிதும் வேறுபடாது. பியானோவில் சிறு சுத்தியல் நரம்பைத் தட்டுகின்றது. விரலின் விசைக்கேற்ப ஒலி மெலிந்தும் வலிந்தும் வரும். இக்காலத்துப் பியானோவில் வெள்ளைக் கட்டை 52, கறுப்புக் கட்டை 36, ஆக 88 கட்டைகள் உள. நம் ஆலயங்களிற் பெரிதும் காணப்படும் மின் கீபோர்டுகள் பலவற்றில் 61 கட்டைகளே உள. எண்ணிக்கை எதுவாயினும் அமைப்பு ஒன்றே. பன்னிரண்டு சுரங்களே மீண்டும் மீண்டும் மேலேறி வருகின்றன. பன்னிரண்டை அறிந்தவன் எண்பத்தெட்டையும் அறிந்தவனாவான்.

நிற்க. எமக்கு நேர்ந்த இழுக்கு ஒன்றைச் சொல்லுதல் இப்பொருளை விளக்கப் பயன்படும். யாம் ஆசிரியரின்றி, கைப்பேசியிற் காணும் இணையவழிப் பாடங்களைக்கொண்டே கீபோர்டு கற்கத் தொடங்கினோம். வண்ணக் கோடுகள் மேலிருந்து இழிந்து எக்கட்டையின்மேல் விழுகின்றனவோ, அக்கட்டையை அழுத்துக என்று காட்டுங் காணொளிகளே எமக்கு எளியனவாய்த் தோன்றின. நான்கு திங்களில் இருபது பாடல்கள் கைவந்தன. யாமும் வாசிக்கத் தெரிந்தவர் என்னும் செருக்கு எம்முள் எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனைக்குக் கருவி வாசிப்பவர் வரவில்லை. யாம் விரைந்து சென்று அவர் இருக்கையில் அமர்ந்தோம். சபைப் பெரியவர் ஒருவர் யாம் நன்கு பயின்ற பாடலையே எடுத்துக் கொடுத்தார். ஆயின் இரண்டரைக் கட்டைச் சுருதியில் எடுத்தார். யாம் பயின்றதோ ஒரு கட்டையில். எம் விரல்கள் பழகிய இடத்திலேயே ஓடின. பாட்டு ஒருபுறமும் கருவி ஒருபுறமுமாய்ப் பிணங்கி ஒலித்தன. இரண்டாம் அடியில் கையை எடுத்துவிட்டோம். சபையார் கருவியின்றியே ஏழு சரணங்களையும் பாடி முடித்தனர். அத்துணை நேரமும் யாம் தலைகவிழ்ந்து அவ்விருக்கையிலேயே இருந்தோம்.

ஆராதனை முடிந்தபின் முன்வரிசையிலிருந்த மூதாட்டியார் ஒருவர் எம்மருகே வந்து, "தம்பி, பாட்டு உன் விரலில் இருக்கிறது, காதில் இன்னும் ஏறவில்லை, ஐயா," என்றார். அவர் சுரக்குறி எதனையுங் கற்றவரல்லர். ஆயினும் எம் கல்வியின் குறை யாதென்பதை ஒரே வாக்கியத்தில் உணர்த்திவிட்டார்.

அவர் கூற்றின் உண்மையை ஆராய்வோம். யாம் கற்றது கட்டைகளின் இடம், சுரங்களின் உறவன்று. ஒரு சுரம் தனித்து நின்று பொருள் தருவதில்லை. ஆதார சுருதியினின்று அஃது எவ்வளவு உயர்ந்துளது என்பதே அதன் பொருள். இதனை நம் முன்னோர் தெளிவுற உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே மாதரி என்னும் இடைமுதுமகள் ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, அவர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகின்றாள். அப்பெயர்கள் அம்மகளிர்க்குப் பிறப்பாலமைந்தன அல்ல; நின்ற முறையால் அமைந்தன. குரல் எங்கு நிற்கின்றது என்று அறிந்தால் ஏனைய ஆறும் தத்தம் இடத்தில் தாமே அமையும். தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவராகிய ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இப்பழைய இசைமுறையைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டமை தமிழ் மாணவர் அறிந்து போற்றத்தக்கது.

மேனாட்டிலும் இவ்வுண்மையைப் போதனைமுறையாக்கினார் உளர். இங்கிலாந்தில் நார்விச்சு நகரத்துச் சாரா குளோவர் என்னும் அம்மையார் வகுத்த முறையைத் தழுவி, ஜான் கர்வென் (1816–1880) என்னும் போதகர் 'டானிக் சால்பா' முறையைப் பரப்பினர். அம்முறையில் 'டோ' என்பது ஒரு குறித்த கட்டைக்கு உரிய பெயரன்று; எச்சுருதியிற் பாடினும் அதன் முதற்சுரமே 'டோ' ஆகும். குறியீட்டு நூல் வாங்க இயலாத எளிய மக்களும் சபைகளிற் சேர்ந்து பாடுதற்கு அம்முறை பெருந்துணையாயிற்று. நம் 'ச'வும் அவர்தம் 'டோ'வும் ஒரு நெறியினவே.

இனி, செவியாற் கற்கும் முறையைப் படிப்படியாகக் கூறுவோம்.

முதலாவது, கருவியைத் தொடாது கேட்டல். பாடலை மும்முறையேனும் முழுதுங் கேட்க வேண்டும். அப்பொழுது காணொளியின் படத்தை நோக்காது கண்ணை மூடிக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, வாயாற் பாடுதல். குரல் இனிதாயிருத்தல் வேண்டுவதில்லை. சுரம் சரியாயிருத்தலே வேண்டும். வாய் பாடாத சுரத்தை விரல் தேடின், இருளிற் பொருள் தேடுவாரைப்போல அலமரும்.

மூன்றாவது, ஆதார சுருதியைக் காணுதல். பாட்டு எச்சுரத்தில் வந்து இளைப்பாறுகின்றதோ, இனி மேலே செல்ல வேண்டுவதில்லை என்னும் அமைதி எங்கே தோன்றுகின்றதோ, அதுவே பெரும்பாலும் ஆதாரம். அதனை வாயில் முனகிக்கொண்டே ஒரு கட்டையை அழுத்துக. குரலினுங் கட்டை தாழ்ந்திருப்பின் வலப்புறமும், உயர்ந்திருப்பின் இடப்புறமும் நகர்க. முதல் வாரத்தில் இதற்குப் பல நிமிடங்கள் செல்லும், மனந்தளர வேண்டா.

நான்காவது, சுர ஏணியை அமைத்தல். சங்கராபரணம் என்றும், மேனாட்டார் மேஜர் என்றும் கூறும் வரிசை, ஆதாரத்திலிருந்து அரைச்சுரக் கணக்கில் 2, 2, 1, 2, 2, 2, 1 என ஏறும். ஒரு கட்டையில் தொடங்கின் எல்லாம் வெள்ளைக் கட்டைகளே. இரண்டு கட்டையில் தொடங்கின் கறுப்பு இரண்டும், ஐந்து கட்டையில் தொடங்கின் கறுப்பு ஒன்றும் வரும். இவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்ய வேண்டுவதில்லை; கணக்கு ஒன்றே போதும்.

ஐந்தாவது, பாட்டின் செலவைக் காணுதல். அடுத்த சுரம் நின்றவிடத்திலேயே நிற்கின்றதா, ஏறுகின்றதா, இறங்குகின்றதா, அடியெடுத்துச் செல்கின்றதா, தாவுகின்றதா என்று வினவுக. 'ச'வும் 'ப'வும் இரண்டு தூண்கள். தம்பூராவின் ஒலியிலும் இவ்விரண்டே பெரும்பாலும் நிலைபெறுகின்றன. இவற்றைச் செவி பற்றிக்கொண்டால் இடையிலுள்ளவை எளிதிற் பிடிபடும்.

ஆறாவது, இடக்கை. மேனாட்டார் 'கார்டு' எனக் கூறும் சுரக்கூட்டுகள் பலவாயினும், தொடக்கத்திற்கு மூன்று போதும்: ச–க–ப, ம–த–ச, ப–நி–ரி என்பன. இம்மூன்றையுஞ் சேர்த்து நோக்கின் ஏழு சுரங்களும் அவற்றுள் அடங்கியிருத்தல் காண்க. ஆதலின், மேஜர் வரிசையிலமைந்த பாமாலைப் பாட்டின் எச்சுரத்திற்கும் இம்மூன்றனுள் ஒன்றேனும் இடங்கொடுக்கும். எது பொருந்துவது என்பதைச் செவியே தீர்ப்புச் செய்க.

ஏழாவது, இடம்பெயர்த்தல். இன்று ஒரு கட்டையில் வாசித்ததை நாளை இரண்டரையிலும், மறுநாள் நான்கிலும் வாசிக்க. இதுவே தேர்வு. இதிற் பிழையாதவனே பாட்டைக் கற்றவன். மின் கருவியில் 'டிரான்ஸ்போஸ்' என்னும் பொத்தான் உளதே, அஃது இவ்வேலையைச் செய்யாதோ எனின், செய்யும். ஆயின் எத்தனை அரைச்சுரம் ஏற்றுவது, எத்தனை இறக்குவது என்று அப்பொத்தான் அறியாது. அதனைச் சொல்ல வேண்டியதும் செவியே.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. நம் கீர்த்தனைகளுட் சில மாயாமாளவகௌளை முதலிய இராகங்களில் அமைந்தவை. அவ்விராகத்தில் 'ரி'யும் 'த'வும் தாழ்ந்து நிற்றலின், ப–நி–ரி என்னும் கூட்டு இனிமையிழந்து முரணும். இணையவழிப் பாடத்திற் கற்ற மூன்று கூட்டுகளை அங்கே வலிந்து புகுத்தின் பாட்டுக் கெடும். அத்தகைய இடங்களில் இடக்கை 'ச'வையும் 'ப'வையும் மட்டும் தாங்கி நிற்றலே தக்கது என்று யாம் பட்டறிந்தோம். மேலும், பியானோவின் கட்டைகள் நிலைத்த சுரமுடையன. குரலும் வீணையும் காட்டும் கமகம் அதில் எழாது. அது கீர்த்தனையின் எலும்பைக் காட்டும். தசையும் உயிரும் பாடுவாரிடத்தேயுள. இதனை உணர்ந்து பாட்டுக்கு வழிவிட்டு வாசித்தலே அறிவுடைமை.

இணையவழிப் பாடங்களின் நலந்தீங்குகளை இனி ஒப்புநோக்குவோம். பொருளில்லாத மாணவனும், ஆசிரியரில்லாத சிற்றூரானும் அவற்றைப் பெறலாம். ஒரே பகுதியை நூறுமுறை கேட்பினும் ஆசிரியர் சினவார். பழைய இசைத்தட்டின் சுழற்சியைக் குறைத்தால் சுருதியும் தாழ்ந்துவிடும். இக்காலத்துக் காணொளியிலோ வேகத்தைப் பாதியாக்கினும் சுருதி மாறாமற் கேட்கலாம். செவிப்பயிற்சிக்கு இது பெருங்கொடை. குறை யாதெனின், அவ்வாசிரியர் பேசுவார், வாசிப்பார். நாம் வாசிப்பதை மட்டும் கேளார். குருகுலத்திலே ஆசிரியர் செவி மாணாக்கன் பிழையைக் காக்கும். இங்கே மாணாக்கன் செவியே அக்காவலை ஏற்றல் வேண்டும். ஆதலின் யாம் வாசிப்பதைக் கைப்பேசியிற் பதிந்து மறுநாட் காலையிற் கேட்கும் வழக்கத்தை மேற்கொண்டோம். வாசிக்கும்பொழுது புலப்படாத பிழை மறுநாள் பிறர் பிழைபோலத் தெளிவாய்க் கேட்டது.

இங்ஙனங் கூறுதலால் சுரக்குறி கற்றலை இகழ்ந்தோமல்லோம். அமெரிக்க நாட்டு எர்ரால் கார்னர் (1921–1977) குறிப்படிக்கக் கல்லாமலே உலகறிந்த பியானோக் கலைஞரானார் என்பது உண்மையே. அஃது அரிய ஆற்றலுடையாரது செய்தி. நம்மனோர் எழுத்தையும் அறிதல் நன்று. முன்பு பேசக் கற்றுப் பின்பு எழுதக் கற்கும் குழவியைப்போல, செவி முந்துக, எழுத்துப் பிந்துக என்பதே எம் கருத்து.

பழைய இருபது பாடல்களையும் விட்டு, யாம் மீண்டும் ஒரே பாடலிலிருந்து தொடங்கினோம். எட்டுத் திங்கள் கழிந்தன. மற்றொரு மாலை, கருவி வாசிப்பவர் வாராமையால் எம்மை அழைத்தனர். இம்முறை யாம் விரையவில்லை. பெரியவர் பாட்டை எடுத்தபொழுது கையை மடியிலேயே வைத்துக் கேட்டோம். முதலடி முடியுமுன் ஆதாரம் பிடிபட்டது, நான்கு கட்டை. இரண்டாம் அடியில் இடக்கை மெல்லச் சேர்ந்தது. மூன்றாம் அடியில் வலக்கையும் சேர்ந்தது. ஈரிடத்துப் பிழைத்தோம், எனினும் பாட்டு நிற்கவில்லை. முன்வரிசையை ஒருமுறை நோக்கினோம். அம்மூதாட்டியார் எம்பக்கம் திரும்பவேயில்லை. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். கருவி பாட்டிற்குள் அடங்கிற்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் வேண்டவில்லை.