ஜூனினியோவும் சுழலாத பந்தும்

பிரேசில் கால்பந்து என்றதும் பீலே, ரொனால்டோ என்று கோல் அடிக்கும் முன்வரிசைக்காரர்கள் பேரைத்தான் சொல்வோம். நடுக்களத்தில் ஆடிய ஜூனினியோவைத் தெரியுமா?

1975-ல் ரெசிஃபே நகரில் பிறந்தவர். வாஸ்கோ ட காமா கிளப்பில் ஆடிவிட்டு, 2001-ல் பிரான்ஸின் லியோன் கிளப்புக்குப் போனார். அதுவரை லியோன் ஒரு தடவைகூட பிரெஞ்சு லீக் பட்டம் வாங்கியதில்லை. 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு முறை வாங்கியது! இவர் ஒருவரால் மட்டும் இல்லைதான். ஆனால் இவர் காலில் ஒரு வித்தை இருந்தது. அதுதான் ஃப்ரீ கிக்.

பந்தை ஓரத்தில் உதைத்தால் சுழலும், ஒரே பக்கமாக வளையும். கோல் கீப்பர் கணக்குப் போட்டுப் பிடிச்சிடலாம். ஜூனினியோ உதைத்த பந்து கிட்டத்தட்ட சுழலவே சுழலாது. அப்படிப் போகும் பந்தின் பின்னால் காற்று ஒரே சீராக இருக்காது, அங்கேயும் இங்கேயும் மாறும். அதனால் பந்து நடுவழியில் தள்ளாடி, திடீர்னு இறங்கும். பாவம், கீப்பர் என்னதான் செய்வார்? 2003-ல் மியூனிக்கில், பேயர்ன் அணியின் ஆலிவர் கானே பாய்ந்து போய்க் கம்பத்தில் மோதிக்கொண்டார். பந்து உள்ளே!

லியோனுக்காக அடித்த 100 கோல்களில் 44 ஃப்ரீ கிக். இத்தாலியின் பிர்லோ இவர் உதைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகினாராம். முதலில் பந்து எங்கெங்கோ போனதாம். பந்தின் அடியில் மூன்று கால்விரல் மட்டும் படணும் என்று அப்புறம்தான் பிடிபட்டதாம்.

2009-ல் கத்தாருக்குப் போன ஜூனினியோ, 2011-ல் பழைய வாஸ்கோவுக்கே திரும்பினார். வந்த முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் கோல். அப்போது வயசு 36!