முதல் வகுப்பும் நம் குடும்பங்களும்



பந்திங் நகரிலும் அதைச் சூழ்ந்த கோல லங்காட் வட்டாரத்திலும் மளிகை, துணி, சாப்பாட்டுக் கடை நடத்தும் நம்மவர் வீடுகளிலிருந்து ஆண்டுதோறும் சில பிள்ளைகள் முதல் வகுப்புக்குப் போகிறார்கள். சீருடையும் சப்பாத்தும் பையும் வாங்குவதில் நாம் குறை வைப்பதில்லை. ஆனால், பெற்றோரும் வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தார் அழைக்கும் நாளில், கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். அந்த அழைப்பின் கருத்து யாது, முதல் வகுப்பின் அன்றாட முறைகள் யாவை, கடைக்காரக் குடும்பம் அவற்றுக்கு எவ்வாறு துணை நிற்கலாம் என்பனவே இன்றைய பாடம்.

சட்டமும் நாளும்

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, 2003ஆம் ஆண்டு முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாயிற்று. ஜனவரி முதல் தேதியன்று ஆறு வயது நிறைந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, ஆரம்பக் கல்வி முடியும்வரை படிக்க வைப்பது, இந்நாட்டில் வசிக்கும் மலேசியக் குடிமகனான ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்று அது விதித்தது. தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

நெடுங்காலமாக ஜனவரியில் திறந்து வந்த பள்ளிகள், கொரோனா நோய்க்குப் பின் 2022இல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயின. 2026இல் மீண்டும் ஜனவரிக்கே வந்தன. சிலாங்கூரில் அந்த ஆண்டு ஜனவரி 12, திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. ஆகவே, மூத்த பிள்ளையைச் சேர்த்த மாதத்தை நினைவில் வைத்து இளையவனுக்கும் அதுதான் என்று இருந்துவிடாமல், ஒவ்வோர் ஆண்டும் பள்ளியில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்ப் பதிவும் முன்கூட்டியே முடிந்துவிடும் காரியம்.

அழைப்பு நாள்

வகுப்பு தொடங்குவதற்கு முன்போ முதல் நாளிலோ பெற்றோரை அழைத்துப் பள்ளியைக் காட்டுவது வழக்கம். அன்று தகப்பனாரும் தாயாரும் சேர்ந்து போவது நல்லது. ஒருவர்தான் போக முடியும் என்றால், மாலையில் பிள்ளையின் பாடத்தைப் பார்க்கப் போகிறவர் போகட்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் அது தாயார்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாய் இன்னும் பழகாத தாய்மார்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாயின் முகத்தை ஆசிரியர் அறிந்திருப்பதே பெரிய பலன்.

அன்று பார்க்க வேண்டியவை சில உண்டு. வகுப்பறை எது, கழிப்பறை எங்கே, கேண்டீனில் வரிசை எங்கே தொடங்குகிறது, பள்ளி விட்டதும் பிள்ளை எந்த வாசலில் நிற்பான் என்பவற்றைப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்தே பாருங்கள். ஆசிரியரின் பெயரைக் கேட்டு, பிள்ளையை ஒரு முறை சொல்லச் செய்யுங்கள். "வயிறு வலிக்கிறது", "வெளியே போக வேண்டும்", "எனக்குப் புரியவில்லை" என்ற மூன்றையும் பள்ளியின் மொழியில் சொல்லக் கற்றுக்கொடுங்கள். முதல் வாரத்தில் அழும் பிள்ளைகள் பலர் பயத்தால் அழுவதில்லை. தேவையைச் சொல்லத் தெரியாமல் அழுகிறார்கள்.

விடைபெறும்போது பிள்ளை அறியாமல் நழுவி வரக்கூடாது. சலாம் சொல்லி, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லி, திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள். சொன்ன மணிக்கு வாசலில் நில்லுங்கள். அந்த ஒரு வாக்கு தவறினால் மறுநாள் காலை பிள்ளை கையை விடமாட்டான்.

வகுப்பின் முறை

வரிசையில் நிற்பது, ஆசிரியர் வந்ததும் எழுந்து வணக்கம் கூறுவது, துஆ ஓதுவது, வருகைப் பதிவு, பிறகு அட்டவணைப்படி பாடங்கள், நடுவே குறுகிய இடைவேளை, முடிவில் மேசையைத் துடைத்து நாற்காலியை ஒழுங்குபடுத்துவது என்று முதல் வகுப்பின் நாள் நடக்கிறது. ஒரு பாடவேளை முப்பது நிமிடம். சில பாடங்களுக்கு இரண்டு வேளை சேர்ந்து வரும்.

இந்த முறைகள் எதற்கு? அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளைக்குப் படபடப்புக் குறைகிறது. மனம் பாடத்தில் நிற்கிறது. ஓர் ஆசிரியர் பல பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொருவனிடமும் "புத்தகத்தை எடு, பென்சிலைச் சீவு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பாட நேரம் அதிலேயே போய்விடும். காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பு மூட்டுபவரும் ரொட்டி மாவு பிசைபவரும் தத்தம் வேலையைத் தாமே தொடங்கிவிட்டால்தான் முதலாளி வாடிக்கையாளரைக் கவனிக்க முடியும்.

ஆகவே வீட்டில் பழக்க வேண்டியவை: அட்டவணை பார்த்து இரவே பையைத் தானே அடுக்குதல், சப்பாத்தைத் தானே அணிதல், சோற்று டப்பாவைத் தானே திறந்து மூடுதல், தன் பொருளில் தன் பெயரைக் கண்டுகொள்ளுதல். பாடப் புத்தகங்கள் இரவலாக வருபவை. அவற்றில் எழுதாமல் அட்டை போட்டு, ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வீட்டு மொழியும் பள்ளி மொழியும்

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய் என்றால் பிள்ளை குழம்பிவிடுவானோ என்று சிலர் வீட்டிலும் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். இது வேண்டாத காரியம். தாய் பேசும் நல்ல தமிழில் கதையும் கணக்கும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பொருள் முன்பே விளங்கியிருக்கும்; மலாயில் அதற்குரிய சொல்லை மட்டும் கற்றால் போதும்.

ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. மலாயில் "கொடு" என்பதற்கு ஒரு சொல், "காலை" என்பதற்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் "பாகி" என்றே வரும். முன்னதற்கு அரபி "பே" எழுத்தின் ஒலி. பின்னதற்கு நம் "பழம்" என்ற சொல்லின் முதல் ஒலி. தமிழ் எழுத்து இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. ஆகவே நம் பிள்ளைகள் இதில் தடுமாறினால் அது மந்த புத்தி அன்று. ஓதத் தொடங்கிய பிள்ளைக்கு "பே" ஒலி முன்பே தெரியும். அதைச் சுட்டிக்காட்டினால் பிடித்துக்கொள்வான்.

ஜாவி எழுத்தும் நமக்கு அந்நியமல்ல. அரபி எழுத்திலேயே தமிழை எழுதிய அரபுத் தமிழ் மரபு நம் பாட்டனார் காலத்தது. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்து எழுத்து உண்டாக்குவதே இரண்டிலும் உள்ள வழி. ஜாவியில் "ஃபே" மேல் மூன்று புள்ளி இட்டால் "ப"; "ஐன்" மேல் மூன்று புள்ளி இட்டால் "ங".

பதினைந்தும் ஐந்தும்

இரண்டு எண்களை ஒவ்வொரு தகப்பனாரும் நினைவில் வைக்க வேண்டும். தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. அதுபோல, தமிழ்ப் பள்ளியானாலும் வேறு பள்ளியானாலும், முஸ்லிம் மாணவர் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஸ்லாமியக் கல்வி போதிக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டம்.

தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் தீன் போய்விடும், தேசியப் பள்ளிக்கு அனுப்பினால் தமிழ் போய்விடும் என்று இரு பக்கமும் பேசுகிறோம். சட்டம் இரண்டுக்கும் வழி விட்டிருக்கிறது. ஆனால், கேட்பவர் வேண்டும். பதினான்கு பெற்றோர் கேட்டு, பதினைந்தாமவர் கடையில் வேலை என்று கேளாமல் இருந்துவிட்டால், பதினான்கு பிள்ளைகளின் தமிழும் அவரோடு நின்றுவிடும். நம் பேரப்பிள்ளைகள் ஊர்க் கடிதத்தைப் படிப்பார்களா என்பது இப்படிப்பட்ட சிறு காரியத்தில் தங்கியிருக்கிறது.

"எத்தனையாவது வந்தாய்?"

நாம் பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். முதல் மூன்று வகுப்புகளுக்குப் பழைய பரீட்சை முறை 2019இல் நீக்கப்பட்டது; ஆறாம் வகுப்பின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தாயிற்று. முதல் வகுப்பில் ஆசிரியர் அன்றாடம் கவனித்து, ஒன்று முதல் ஆறு வரை தேர்ச்சி நிலை குறிக்கும் வகுப்பறை மதிப்பீடு வந்தது. இதில் பிறர் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு இடமில்லை. அன்றைய விற்பனைத் தொகை ஒன்றை மட்டும் பார்த்தால் எந்தச் சரக்கு தீர்ந்தது, எது தேங்கியது என்று தெரியாதல்லவா? ஆசிரியரிடம், "என் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, வீட்டில் நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

கடைக்காரர் வீட்டு அட்டவணை

நம் பிள்ளைக்குக் காலையில் பள்ளிக்கூடம், பிற்பகலில் சமயப் பள்ளி, மாலையில் கடை. இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும்வரை கல்லாப்பெட்டியின் அருகே தூங்கி வழியும் பிள்ளை மறுநாள் வகுப்பில் விழித்திருக்க மாட்டான். ஒன்பது மணிக்குள் படுக்கை என்பதை உறுதி செய்யுங்கள். அஸருக்குப் பின் விளையாட்டு, மஃரிபுக்குப் பின் ஓதலும் பதினைந்து நிமிட வாசிப்பும், பிறகு சாப்பாடு, பை அடுக்குதல் என்பது போதும்.

தகப்பனார் கடையை விட்டு வர இயலாதென்றால், கடையிலேயே பாடம் இருக்கிறது. ஐந்து, பத்து, இருபது, ஐம்பது காசுகளைக் கொட்டி, ஒரு வெள்ளியை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். பருப்பு மூட்டையில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளையை வேலையாளாக்கிவிடக் கூடாது.

ஊரில் குடும்பத்தை வைத்திருப்பவர்களுக்கும் கடமை உண்டு. தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையர். வீட்டிலுள்ள பெண்கள் அதில் பங்கெடுக்க ஊக்கம் கொடுங்கள். தொலைபேசியில் பேசும்போது பணம் வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இன்று படித்ததில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரு உதாரணங்கள்

நம் பந்திங்கைச் சேர்ந்த சீடெக் சகோதரர்களை அறியாதவர் இல்லை. கம்போங் கஞ்சோங் டாராட்டில் தகப்பனார் தம் ஆண் மக்களுக்குச் சிறு வயதிலேயே பூப்பந்து பழக்கினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ராசிஃப், ஜலானி இருவரும் பெற்ற வெண்கலமே மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். வீட்டில் தகப்பனார் வகுத்த முறைக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மற்றொன்று சிங்கப்பூரில். கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982இல் மூடப்பட்டபோதும், அப்பெயர் தமிழ் மொழி நிலையத்துக்குச் சூட்டப்பட்டு நிலைத்தது. பெரும் படிப்பில்லாதவர்களும் கூடி நின்றால் கல்வி நிலையம் எழும் என்பது இதன் பாடம்.

இம்மாதம் செய்ய வேண்டியவை

ஒன்று, உங்கள் பிள்ளையின் பள்ளியில் தமிழ் வகுப்பும் இஸ்லாமியக் கல்வியும் நடக்கின்றனவா என்று விசாரியுங்கள். இரண்டு, தமிழ் வகுப்பு இல்லையென்றால் அப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளை எண்ணி, பிற தமிழ்ப் பெற்றோரையும் சேர்த்துப் பதினைந்தாக்கி விண்ணப்பம் கொடுங்கள். மூன்று, அடுத்த பெற்றோர் கூட்ட நாளைக் கடை நாட்காட்டியில் குறித்து, அன்று காலை இரண்டு மணி நேரம் கடையைப் பார்க்க ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

சரக்கு எடுக்கக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போகும் நாளில் கடையைப் பார்க்க ஆள் கிடைக்கிறார் அல்லவா? பிள்ளைக்காகப் போகும் நாளிலும் இன்ஷா அல்லாஹ் கிடைப்பார்.