பூனை மணலைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறதா?

மனுஷருக்கு நாடி பிடிக்கிற சித்த வைத்தியரிடம் பூனையைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்காதீர்கள். கேட்க வேண்டிய விஷயம்தான்.

கழிவை மண் தள்ளி மூடுவது பூனையின் பிறவிக் குணம். அளவுக்கு மீறிப் பிறாண்டினால் முதலில் அதன் மணல் தட்டைப் பாருங்கள். மணல் 2 அங்குலமாவது இருக்கிறதா? தினமும் அள்ளுகிறீர்களா? உள்ளே தாராளமாகத் திரும்ப இடம் உண்டா? வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும். பல பூனைகளுக்கு ஆகாது. சிலதுக்குச் சுபாவமே அப்படி, விட்டுவிடுங்கள்.

ஆனால் கடுவன் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய், பிறாண்டி, முக்கி, கத்தி, சொட்டு நீர்கூடப் போகாமல் திரும்புகிறதா? அதன் நீர்த்தாரை ரொம்பக் குறுகல். உப்புப் படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். 'மலச்சிக்கல்தானே' என்று விளக்கெண்ணெயைப் புகட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓரிரு நாளில் உயிரே போய்விடும்! மனிதரின் நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் கஷாயம் கொடுக்கிறவன்தான் நான். இந்தப் பூனைக்கு அதைத் தரச் சொல்ல மாட்டேன். அடைப்பைக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். விடியட்டும் என்று பார்க்காமல், அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.