எனது கை என்னும் உணர்வு

'எனது கை' என்பதனை உறுப்புப் பற்றிய தற்கிழமை யென்றும், 'எனது எழுதுகோல்' என்பதனைப் பிறிதின்கிழமை யென்றும் இலக்கண நூலார் வகுப்பர். சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரமோ, எனதுடல் என்னும் வழக்கையே உடம்பின் வேறாய உயிருண்மைக்கு ஏதுக்களுள் ஒன்றாக எடுத்தோதிற்று. இவ்வுணர்வு எவ்வாறு நிகழ்கின்றது, எவ்வாறு திரிகின்றது என்பதனை மேனாட்டுச் சோதனைகள் சிலவற்றான் ஈண்டு ஆராய்வாம்.

1998-ஆம் ஆண்டிற் பாட்வினிக், கோஹன் என்னும் இருவர் 'நேச்சர்' என்னும் ஆங்கில இதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். பதின்மரைத் தனித்தனியே மேசையின்முன் இருத்தி, ஒவ்வொருவரது இடக்கையையும் திரையால் மறைத்து, இரப்பராற் செய்த கையொன்றை அவர் கண்ணெதிரே வைத்தனர். பின்னர் இரண்டு சிறு தூரிகைகளால் மறைந்த கையையும் இரப்பர்க் கையையும் ஒரே காலத்தில் 10 நிமிடம் வருடினர். வருடப்பட்டார், தூரிகை படும் உணர்ச்சி இரப்பர்க் கையினிடத்தே தோன்றிற்றென்றும், அக்கை தம் கையே போன்றதென்றும் கூறினர். கண்ணை மூடுவித்து, மேசையின்கீழ் வலக்கை விரலை நகர்த்தி இடக்கை இருக்குமிடத்தைக் குறிக்கச் செய்தபோது, இரப்பர்க் கை இருந்த பக்கமாக விலகியே குறித்தனர். மயக்கம் நெடுநேரம் நிகழ்ந்ததென்றார்க்கு அவ்விலக்கமும் மிக்கிருந்தது.

இம்மயக்கம் வரையறையின்றி நிகழ்வதன்று. இரண்டு தூரிகைகளும் முன்பின்னாகப் படின் அது குன்றும். கைக்கு மாறாக வெறுங்கோலை வைப்பினும், பொய்க்கையை உடம்போடு பொருந்தாத திசையில் திருப்பி வைப்பினும் நிகழாது. கண் காண்பதும் மெய் உணர்வதும் காலத்தானும் வடிவானும் இயைந்தவழியே 'எனது' என்னும் உணர்வு எழுகின்றதென்பது இதனாற் போதரும்.

இனி, உறுப்பிருக்கும் நிலையை உணர்தலும் இவ்வாறே திரியும். மேற்கையின் முன்புறத் தசைநாணின்மேல் வினாடிக்கு ஏறத்தாழ 100 முறை அதிருங் கருவியை வைப்பின், அசையாத கையும் நீளுவது போலத் தோன்றுமென்பதனை 1972-இல் குட்வின் முதலிய மூவர் விளக்கினர். தசையின் நீட்சியை அறிவிக்கும் நுண்கருவிகள் அத்தசையினுள் உள. அதிர்ச்சி அவற்றைப் பொய்யாக எழுப்புதலே காரணம். 1988-இல் லாக்னர் என்பார், கண்ணை மூடித் தம் மூக்கைப் பற்றியிருப்பாரிடத்து இதனைச் செய்தார். கை முகத்தினின்றும் அகல்வது போலத் தோன்ற, பற்றிய பிடியோ விடாதிருப்ப, அவருட் சிலர்க்கு மூக்கே நீண்டதாகத் தோன்றிற்று!

இதற்கு மறுதலையாயதும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தாரை ஆராய்ந்த வேயர் மிச்செல் என்னும் மருத்துவர், இல்லாத உறுப்பு உள்ளதுபோல் வருத்துதலை 1870-களில் எழுதினார். சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி புரிந்த வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில், எஞ்சிய கையின் நிழலை ஆடியிற் காட்டி, இழந்த கை அசைவதாகத் தோன்றச் செய்தார். இறுக மூடிக் கிடப்பதாக வருத்திய அவ்விலாக்கை விரிந்து நோவு தணிந்ததெனச் சிலர் உரைத்தனர்.

அற்றேல், கையல்லாத இரப்பரும் 'எனது கை' எனத் தோன்றுமாயின், எனது என்னும் வழக்குப் பொய்க்கும் இடந்தருமன்றே? அதனைக் கொண்டு உயிருண்மை சாதித்தல் யாங்ஙனமெனின், கூறுதும். 'எனது' என்பது தசையின் இயல்பாயின், அது தசையல்லாத இரப்பரிற் செல்லாது. தசை அறுபட்டபின் எஞ்சியும் நில்லாது. இரண்டும் நிகழக் காண்டலின், அவ்வுணர்வு உடம்பிற்கு இயல்பன்று, சார்பினால் வந்து பொருந்துவதென்பது துணியப்படும். எனவே இலக்கணத்தார் தற்கிழமையென்றது, நூலாராய்ச்சியிற் பிறிதின்கிழமையாய் முடிந்தது. உடம்பே யானென்பார் கூற்று இதனான் மறுக்கப்படும்.

எனினும், இச்சோதனைகளே உயிருண்மையை நிறுவினவென்று ஆரவாரித்தல் நமக்குத் தகாது. 2004-இல் எர்சன் முதலியோர் இம்மயக்கம் நிகழுங்கால் மூளையின் முற்பகுதியில் ஓரிடம் தொழிற்படுதலைக் கண்டனர். மூளையே உயிரென்பார் இதனைத் தமக்குச் சான்றாக்குவர். அவரை மறுத்தற்கு அச்சூத்திரத்துப் பிற ஏதுக்களும், அந்தக்கரணம் உயிரன்றென நிறுவும் நான்காஞ் சூத்திரமும் வேண்டப்படும். ஓரேதுவின் சுமையை மற்றொன்றின்மேல் ஏற்றுதல் வாதநெறி யன்று.

இச்சோதனையில் நம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது வேறொன்று. இருந்தார் யாவரும் எதிரிலுள்ளது இரப்பரென்று ஐயமற அறிவர்; அறிந்தும் மயக்கம் ஒழிந்திலது. நாம் நாற்பதாண்டுகளாக மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுங்கால், 'யான் எனது' என்னும் பற்றிற்குக் கயிற்றரவையே உவமை காட்டிவந்தேம். கயிறென்றறிந்த அளவிலே அரவு ஒழியும். ஆகலின், கற்றறிந்த அளவிலே பற்றும் ஒழியுமென மாணாக்கர் கொள்ள இடந்தந்தேம். அது பொருந்தாதென இப்பொழுது உணர்கின்றேம். கானலென்றறிந்த பின்னும் பேய்த்தேர் கண்ணுக்குத் தோன்றிக்கொண்டே யிருக்கும். மெய்கண்டதேவர் ஒன்பதாஞ் சூத்திரத்திற் பாசம் நீங்குதற்குப் பேய்த்தேரை உவமித்து, அதனோடு அமையாது திருவைந்தெழுத்தை எண்ணுதலையும் விதித்தமையின் நுட்பம் இதனால் விளங்கும்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. 10 நிமிடம் சார்ந்த இரப்பரே 'எனது' ஆயிற்றெனின், பிறந்த நாள்தொட்டு இமைப்பொழுதும் பிரியாது சார்ந்த இவ்வுடம்பினிடத்துள்ள பற்று, ஒருமுறை பாடங்கேட்டலான் எங்ஙனம் அகலும்? கேட்டலோடு நில்லாது சிந்தித்தலும் தெளிதலும் நிட்டையும் வேண்டுமென நம் ஆசிரியன்மார் வற்புறுத்தியது இதுபற்றியே யென்க.